கேட்காமல் விட்ட கேள்வி

ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் இரண்டு குறைகள் உண்டு. கேளாதவர்க்கும் அறிவுரை கூறுவார். கேட்டவர்க்கோ சற்றும் யோசியாமல் கூறுவார். கல்லூரியில் 34 ஆண்டுகள் கணிதம் கற்பித்த என்னிடம் இவ்விரண்டும் குறைவின்றி உண்டு. "முதலில் படிப்பை முடி, மற்றதெல்லாம் பிறகு" என்பது நான் ஆயிரம் முறையேனும் மாணவர்களிடம் கூறிய வாக்கியம். அவ்வாக்கியம் நுனிநாக்கு வரை வந்தும் அதை விழுங்கிக்கொண்ட ஓர் இரவைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2022ஆம் ஆண்டு டிசம்பரில் என் மகள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தைச் சேர்ந்த சவுத் பெண்ட் என்னும் ஊரில் அவள் வசிக்கிறாள். மிச்சிகன் ஏரியின் ஈரக் காற்று அவ்வூரின்மேல் பனியாகக் கொட்டும். காலையில் கதவைத் திறந்தால் படிக்கட்டைக் காண முடியாது. ஊரின் ஒரு புறத்தில் நோட்டர் டேம் பல்கலைக்கழகம். 1842இல் பிரான்சு நாட்டிலிருந்து வந்த எட்வர்ட் சோரின் என்னும் திருச்சிலுவைச் சபைக் குரு நிறுவியது. அதன் தங்கக் குவிமாடத்தின் உச்சியில் தேவ அன்னையின் திருவுருவம் நிற்கிறது. அதற்குச் சற்றுத் தொலைவில் எழுபத்தேழாயிரத்துக்கும் மேற்பட்டோர் அமரக்கூடிய விளையாட்டு அரங்கம். அரங்கத்துக்கு வடக்கே உள்ள நூலகத்தின் உயர்ந்த சுவரில் இரு கைகளையும் உயர்த்திய கிறிஸ்துவின் பெரிய கற்சித்திரம் ஒன்று 1964 முதல் இருக்கிறது. அவர்களது ஆட்டத்தில், பந்து எல்லைக்கோட்டைக் கடந்ததும் நடுவர் அவ்வாறே இரு கைகளையும் உயர்த்துவார். ஆகவே ஊர் மக்கள் அச்சித்திரத்துக்குச் செல்லமாக ஆட்டத்தின் பெயரையே சூட்டிவிட்டார்கள். முதலில் எனக்குச் சற்று வருத்தமாயிருந்தது. பின்னர் அது கேலியன்று, உரிமை என்று விளங்கிற்று.

அந்த ஆட்டத்துக்குப் பெயர் கால்பந்து. ஆனால் காலால் உதைப்பது அதில் அரிது. இரு முனையும் கூர்ந்த நீள்வட்டப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவர், அல்லது எறிவர். பக்கத்துக்கு 11 பேர். நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும். இயலாவிடில் பந்து எதிரணிக்குப் போய்விடும். முன்னேறுகிறவனைத் தடுக்க, தலைக்கவசமும் தோள்கவசமும் அணிந்த பேருடல் இளைஞர்கள் ஓடிவந்து மோதுவார்கள். முதன்முறை தொலைக்காட்சியில் பார்த்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

மகளின் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு குடும்பம். தந்தை கனரக லாரி ஓட்டுபவர்; குளிர் காலத்தில் நகரசபைக்காகச் சாலையில் பனி தள்ளும் வண்டியும் ஓட்டுவார். தாய் முதியோர் இல்லத்தில் பணிப்பெண். ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோவில் மண்டபத்தில் காப்பியும் இனிப்பு வடையும் தருவார்கள். அங்குதான் எங்களுக்குள் பழக்கம் ஏற்பட்டது. நான் கல்லூரி ஆசிரியராயிருந்தவன் என்று அறிந்ததிலிருந்து அம்மனிதர் என்னைப் "புரொபசர்" என்றே அழைத்தார். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு அவர்களின் மூத்த மகன் வீட்டுக்கு வந்திருந்தான். காரில் நான்கு மணி நேரத் தொலைவில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு மாணவன். கட்டுமான மேலாண்மை பயின்றான். அதைவிட முக்கியம், அப்பல்கலைக்கழகக் கால்பந்து அணியில் எதிரணியினரை இடையில் நின்று மடக்கும் இடத்தில் ஆடுபவன். லைன்பேக்கர் என்பார்கள். கதவு நிலையில் தலை இடிக்காமலிருக்கக் குனிந்து வருவான். ஆனால் பேச்சு மிக மென்மை. என் வீட்டு வாயிலில் பனியை வழித்துவிட்டு, நன்றி சொல்லுமுன் போய்விடுவான்.

அந்த வீட்டில் அந்த ஆண்டு விழாக்காலம் முழுவதும் ஒரே பேச்சு: இருப்பதா, போவதா?

வாசகர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். அந்நாட்டில் கல்லூரிக் கால்பந்து ஆடுவோர் எழுபதாயிரத்துக்கும் அதிகம். அவர்களுக்கு மேலே, தொழில்முறையில் ஆடும் அணிகள் 32. இவ்வணிகள் ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் மூன்று நாள் கூடி, கல்லூரிகளிலிருந்து புதிய வீரர்களைத் தெரிவு செய்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். ஏழு சுற்றுகள். முந்தின ஆண்டு மிகவும் தோற்ற அணிக்கு முதல் உரிமை. வென்ற அணிக்குக் கடைசி. நம் நாட்டுக் கிரிக்கெட் ஏலம் போன்றதன்று இது. ஏலத்தில் விலை கேட்பவர் பலர். இங்கோ பெயரைக் கூறிய அணி ஒன்றே. எந்த ஊர், எந்த அணி என்பதில் வீரனுக்கு வாக்கில்லை. மூன்று நாளும் சேர்ந்து ஏறத்தாழ 260 பெயர்கள் அழைக்கப்படும். எழுபதாயிரம் எங்கே, இருநூற்றறுபது எங்கே!

பள்ளிப் படிப்பு முடிந்து மூன்று ஆண்டுகள் ஆகாத எவரையும் இவ்வணிகள் எடுப்பதில்லை. நான்காவது ஆண்டுப் படிப்பு எஞ்சியிருக்கும் மாணவன், ஜனவரி நடுவுக்குள் "நான் வருகிறேன்" என்று எழுதிக் கொடுத்தால் டிராஃப்டில் சேரலாம். எழுதிக் கொடுத்துக் கெடு முடிந்துவிட்டாலோ, கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்ப வழியில்லை. 1990க்கு முன் இந்தத் தலைவலி பெரும்பாலும் இல்லை. தன் வகுப்பு பட்டம் பெறும் வரை மாணவன் காத்திருக்க வேண்டும் என்பதே பொது விதி. 1990இல்தான் மூன்றாம் ஆண்டு மாணவர்களுக்குக் கதவு அகலத் திறக்கப்பட்டது. அன்றுமுதல் ஒவ்வொரு ஜனவரியும் எத்தனையோ வீடுகளில் இந்தக் கேள்வி அடுப்பங்கரையில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மாணவன் விரும்பினால், அணிகளின் வல்லுநர்கள் அடங்கிய ஓர் ஆலோசனைக் குழு அவனது ஆட்டத்தைப் பார்த்துக் கணிப்பு அனுப்பும். அதில் மூன்றே விடைகள்: முதல் சுற்றில் எடுக்கப்படலாம், இரண்டாம் சுற்றில் எடுக்கப்படலாம், இரண்டுமில்லை. மூன்றாவது விடைக்குப் பொருள், "கல்லூரியிலேயே இரு, தம்பி" என்பதுதான். அடுத்த வீட்டுப் பையனுக்கு வந்தது அந்த மூன்றாவது விடை. ஆயினும் பேச்சு அதோடு முடியவில்லை. நான்காம் அல்லது ஐந்தாம் சுற்றில் நிச்சயம் எடுப்பார்கள் என்று ஒரு முகவர் தொலைபேசியில் கூறிக்கொண்டிருந்தார். 2023இல் அணியில் இடம் பெறும் புதிய வீரனுக்கு மிகக் குறைந்த ஊதியமே ஆண்டுக்கு 7,50,000 டாலர். லாரி ஓட்டும் தந்தை பல ஆண்டுகளில் காணும் தொகை அது. ஆனால் அணியில் நிலைத்தால்தான் அத்தொகை. ஏப்ரலில் மூன்றாம் நாள் எடுக்கப்பட்டவனை ஆகஸ்டு இறுதியில் நீக்கிவிடலாம். 90 பேரைச் சேர்த்துப் பயிற்சி கொடுத்து, 53 பேராகக் குறைப்பது அவர்கள் வழக்கம். நீக்கப்பட்டால், சேர்க்கும்போது கொடுத்த முன்தொகையோடு கணக்கு முடிந்தது. வீரர் சங்கத்தின் கணக்கின்படி ஒருவனது சராசரி ஆட்ட வாழ்வே மூன்றரை ஆண்டுக்குக் குறைவு.

விழா முடிந்து இரண்டு நாள் கழித்து அவ்வீட்டில் இரவுணவுக்கு அழைத்திருந்தார்கள். உணவு முடிந்ததும் தந்தை என் பக்கம் திரும்பினார்.

"புரொபசர், வாழ்நாள் முழுவதும் இவன் வயதுப் பிள்ளைகளைப் பார்த்தவர் நீங்கள். சொல்லுங்கள், இவன் இருக்க வேண்டுமா, போக வேண்டுமா?"

என் வாக்கியம் ஆயத்தமாயிருந்தது. வாயையும் திறந்துவிட்டேன். பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் ஏதோ ஒன்று என்னைத் தடுத்தது. "இரண்டு நாள் கொடுங்கள், எனக்கு உங்கள் ஆட்டமே தெரியாது" என்று கூறி எழுந்துவிட்டேன்.

மறுநாள் மருமகனின் உதவியோடு, தங்கியவர்கள், போனவர்கள் கதைகளைத் தேடிப் படித்தேன். கணித ஆசிரியன் அல்லவா? ஒரு தாளை இரண்டாக மடித்து இரு பத்திகளில் எழுதினேன்.

தங்கியவர்களில் முதலில் எழுதிய பெயர் பேய்டன் மானிங். டென்னசிப் பல்கலைக்கழக மாணவர். மூன்றே ஆண்டில் பட்டத்தை முடித்துவிட்டார். 1997இல் போயிருந்தால் முதல் பெயரே அவருடையதாயிருக்கும் என்றார்கள். போகவில்லை. இன்னும் ஓராண்டு கல்லூரியில் ஆடினார். 1998இல் முதல் பெயராகவே அழைக்கப்பட்டுப் பெரும் புகழ் பெற்றார். அடுத்து, ஸ்டான்ஃபோர்டு மாணவர் ஆண்ட்ரூ லக். 2011இல் முதலிடம் அவருக்கே என்று எல்லாரும் கூறினர். கட்டட வடிவமைப்பில் பட்டத்தை முடிக்கத் தங்கினார். 2012இல் முதலிடமே கிடைத்தது. இவ்விரண்டையும் எழுதியபோது எனக்கு மிக்க மகிழ்ச்சி. என் வாக்கியம் மெய்ப்பிக்கப்பட்டுவிட்டதல்லவா?

மூன்றாவது பெயர் என் மகிழ்ச்சியைக் குறைத்தது. மாட் லைனார்ட், தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகம். 2004இல் கல்லூரி வீரர்க்குரிய மிக உயர்ந்த ஹைஸ்மன் விருதை வென்றார். 2005இல் போயிருந்தால் முதலிடம் கிடைத்திருக்கும் என்பது பலர் கணிப்பு. தங்கினார். மறு ஆண்டு பத்தாவது பெயராகத்தான் அழைக்கப்பட்டார். நான்காவது, வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேக் லாக்கர். 2010இல் முதலிடத்துக்குரியவர் என்று பலர் கூற, அவர் தங்கினார். அந்த ஆண்டு முதலிடம் பெற்ற சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7 கோடியே 80 இலட்சம் டாலர் ஒப்பந்தம் கிடைத்தது. 2011இல் புதிய வீரர்களுக்கான ஊதியத்துக்கு வரம்பு வந்துவிட்டது. லாக்கர் எட்டாவது பெயராக, அதில் சிறு பகுதியையே பெற்றார். 26 வயதில் ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார்.

மேற்கூறிய பிராட்ஃபோர்டின் கதை இன்னும் வேடிக்கை. அவரும் தங்கியவரே. 2009இல் போகாமல் ஓக்லஹோமாவில் தங்கி, அந்த ஆண்டின் முதல் ஆட்டத்திலேயே தோளில் அடிபட்டுக் கட்டுப் போட்டுக்கொண்டார். "பேராசையின்றித் தங்கினானே, பாவம்" என்று ஊரே இரங்கியிருக்கும். ஆனால் மறு ஏப்ரலில் முதல் பெயர் அவருடையதே.

சவுத் பெண்டிலேயே இரு கதைகள் கிடைத்தன. 2016இல் நோட்டர் டேம் அணி 12 ஆட்டங்களில் நான்கில்தான் வென்றது. அந்த அவமானமான ஆண்டுக்குப் பின், குவென்டன் நெல்சன், மைக் மக்கிளின்சி என்னும் இருவர் போகாமல் தங்கினர். அடுத்த ஆண்டு அணி பத்து ஆட்டங்களில் வென்றது. 2018 டிராஃப்டில் ஒருவர் ஆறாவது, மற்றவர் ஒன்பதாவது. ஆனால் 2009க்குப் பின் ஓராண்டு மிச்சமிருக்கத் தங்காமல் போன இருவரும் அங்குண்டு: ஜிம்மி கிளாசன், கோல்டன் டேட். இருவரும் 2010இல் இரண்டாம் சுற்றில் எடுக்கப்பட்டனர். கிளாசன் முதல் ஆண்டில் பத்து ஆட்டங்களைத் தொடங்கி வைத்தார். மறு ஆண்டே அவரது அணி வேறொருவரை முதல் பெயராகக் கொண்டுவர, அவர் இடம் போயிற்று. டேட் பத்தாண்டுக்கு மேல் ஆடி, வாகை சூடிய அணியிலும் இருந்தார். ஒரே கல்லூரி, ஒரே முடிவு, ஒரே சுற்று. ஆனால் வாழ்வு வேறு.

பின் ஜெய்லன் ஸ்மித். அதே நோட்டர் டேம் மாணவர். அடுத்த வீட்டுப் பையன் ஆடும் அதே இடத்தில் ஆடியவர். 2016ஆம் ஆண்டின் முதல் நாள், அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம். முதல் ஐந்து பெயர்களுள் ஒருவர் என்று கணிக்கப்பட்டிருந்த அவரது முழங்கால் நாண்கள் அன்று அறுந்தன, நரம்பும் சேதமுற்றது. ஏப்ரலில் 34ஆவது பெயராக அழைக்கப்பட்டார். ஓராண்டு முழுவதும் ஆடவில்லை. பின்னர் மீண்டு வந்து சிறப்பாகவே ஆடினார் என்பது இறைவன் அருள். அந்த டிசம்பரிலேயே லெனர்ட் ஃபோர்நெட், கிறிஸ்டியன் மக்காஃப்ரி என்னும் இரு பெரிய வீரர்கள் தம் கல்லூரியின் கடைசி ஆட்டத்தில் ஆடாமலே ஒதுங்கிக்கொண்டார்கள். அதைத் துரோகம் என்றவர்களும் உண்டு. ஸ்மித்தின் முழங்காலைக் கண்டபின் அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் தொடக்கத்தில் ஒரு பெயர் இருந்தது. ஜே பெர்வாங்கர், சிகாகோ பல்கலைக்கழக மாணவர். ஹைஸ்மன் என்று இன்று வழங்கும் விருதை 1935இல் முதன்முதல் பெற்றவர். 1936இல் நடந்த முதல் டிராஃப்டில் முதல் பெயர் இவருடையது. கேட்ட ஊதியம் ஒத்துவரவில்லை. அவர் தொழில்முறையில் ஒரு நாளும் ஆடாமல், வேறு தொழில் செய்து நலமாக வாழ்ந்தார். டிராஃப்ட் என்னும் முறையே "வேண்டாம்" என்று சொன்ன ஒருவரிடமிருந்து தொடங்கியிருக்கிறது!

தாளை மடித்து வைத்தேன். இரண்டு பத்திகளிலிருந்தும் ஒரு தேற்றமும் கிடைக்கவில்லை. தங்கி வென்றவர், தங்கித் தோற்றவர், போய் வென்றவர், போய்த் தோற்றவர் என எல்லாரும் இருந்தார்கள். முடிவைக் கொண்டு தீர்மானத்தை அளக்க முடியாதென்றால், எதைக்கொண்டு அளப்பது?

அன்றிரவு உறக்கம் வரவில்லை. சன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. நினைவோ குமரிக் கடற்கரைக்குப் போயிற்று.

1979. என்னிடம் பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படித்த ஒரு மாணவன். வள்ளத்தில் மீன் பிடிக்கும் தந்தையின் மூத்த மகன். கணக்கில் கூர்மையானவன். ஒரு நாள் மாலை என் வீட்டு வாசலில் வந்து நின்றான். பம்பாயில் இருந்த உறவினர் ஒருவர் கப்பலில் எஞ்சின் பகுதியில் வேலை பார்த்து வைத்திருக்கிறார்; ஒரு மாதத்துக்குள் சேர வேண்டும்; "போகட்டுமா சார்?" என்று கேட்டான். நான் நாற்காலியை விட்டு எழாமலே சொன்னேன்: "இன்னும் ஓராண்டுதானே? முதலில் படிப்பை முடி, மற்றதெல்லாம் பிறகு." அவன் ஒரு நிமிடம் நின்றான். "சரி சார்" என்றான். போய்விட்டான்.

படிப்பை முடித்தான், முதல் வகுப்பு. ஆனால் அந்த ஓராண்டுக்குள் தந்தையின் வள்ளம் கடனுக்குப் போயிற்று. தங்கையின் திருமணம் நின்றது. பட்டத்தை வைத்துக்கொண்டு மூன்று ஆண்டுகள் வேலை தேடி அலைந்தான். அந்தக் கப்பல் வேலை காத்திருக்குமா? கடைசியில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனான். சில ஆண்டுகள் கழித்து நாகர்கோவில் பேருந்து நிலையத்தில் அவனைக் கண்டேன். அன்போடு பேசினான், தேநீர் வாங்கித் தந்தான். விடைபெறும்போது குறைபோலல்லாமல், ஏதோ நினைவுக்கு வந்ததுபோல் கேட்டான்: "அன்று வீட்டைப் பற்றி நீங்கள் ஒன்றுமே கேட்கவில்லையே, சார்?"

அவ்வளவுதான். பேருந்து வந்தது, ஏறிப் போய்விட்டான். நான் சொன்ன அறிவுரை தவறு என்று அவன் சொல்லவில்லை. கேட்க வேண்டியதைக் கேட்காமல் சொன்னேன் என்றுதான் சொன்னான். அதை நான் எவரிடமும் கூறியதில்லை. என் வாக்கியத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. ஓய்வு பெறும் வரை அதையே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மாலை அடுத்த வீட்டுக்குச் சென்றேன். அடுப்பங்கரை மேசையைச் சுற்றி நால்வரும் அமர்ந்தோம். "நான் அறிவுரை கூற வரவில்லை, மூன்று கேள்விகள் கேட்க வந்தேன்" என்றேன்.

முதல் கேள்வி: "இவனை இருக்கச் சொல்பவர் யார், போகச் சொல்பவர் யார்? அதனால் அவரவர்க்கு என்ன பயன்?" பையன் விரல் விட்டு எண்ணினான். பயிற்சியாளர் இருக்கச் சொல்கிறார். இவன் இருந்தால் அவர் அணி வெல்லும். முகவர் போகச் சொல்கிறார். இவன் போனால்தான் அவருக்குப் பங்கு. சிற்றப்பா போகச் சொல்கிறார். அவர் இளமையில் முழங்கால் உடைந்து ஆட்டத்தை விட்டவர். தந்தை இருக்கச் சொல்கிறார். "ஏன்?" என்றேன். அவர் சற்றுத் தயங்கி, "எங்கள் குடும்பத்தில் எவரும் பட்டம் பெற்றதில்லை" என்றார். "எனக்கும் ஒரு பயன் உண்டு" என்றேன் நான். "இருக்கச் சொன்னால், வாழ்நாள் முழுவதும் நான் சொன்னது சரி என்று ஆறுதல் அடைவேன்." பையன் அன்றுதான் முதன்முறை சிரித்தான். இவர்களில் எவரும் தீயவர் அல்லர். ஆயினும், அவனுக்காகக் கணக்குப் போட்ட ஒவ்வொருவர் கணக்கிலும் தம் சொந்த எண் ஒன்று கலந்திருந்தது.

இரண்டாம் கேள்வி: "இந்த வீட்டில் கடன் எவ்வளவு?"

மேசை அமைதியாயிற்று. அந்நாட்டில் அயலார் வீட்டுக் கடனைக் கேட்பது பெரும் பிழை என்று என் மகள் பிறகு கடிந்துகொண்டாள். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் கேட்டேன். தந்தை கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். தாய்தான் பேசினார். முந்தின ஆண்டு அவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைக்குச் செலுத்த வேண்டிய தொகை இன்னும் பெரிதாக நிற்கிறது. வீட்டுக் கடனில் நான்கு தவணை பாக்கி. பையன் திகைத்துப் போனான்.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை, அப்பா?"

"சொன்னால் நீ போய்விடுவாய் என்றுதான்."

தாய் மகனின் கையைப் பற்றினார். "என் முதுகுக்காக உன் முழங்காலை விற்காதே" என்றார். எவரும் சிறிது நேரம் பேசவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று நானும் கலங்கினேன்.

மூன்றாம் கேள்வியை மெதுவாகக் கேட்டேன்: "இருந்து, அடிபட்டுவிட்டாய் என்று வைத்துக்கொள். அல்லது போய், ஆகஸ்டில் நீக்கிவிட்டார்கள் என்று வைத்துக்கொள். மறுநாள் காலை எழுந்து யாரைக் குறை சொல்வாய்?"

அவன் உடனே விடை கூறவில்லை. ஒரு வாரம் வேண்டும் என்றான். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, பனி வழிக்கும் கருவியோடு எங்கள் வாயிலுக்கு வந்தான். "இருக்கிறேன், சார்" என்றான்.

காரணத்தையும் கூறினான். "கடனைக் கேட்ட இரவே போய்விடத் தீர்மானித்தேன். பிறகு கணக்கிட்டேன். முதல் சுற்றானால் கடனைத் தீர்த்துவிடலாம்; போவதே முறை. மூன்றாம் நாளில் எடுக்கப்பட்டு ஆகஸ்டில் நீக்கப்பட்டால், பணமும் இல்லை, பட்டமும் இல்லை. வீட்டுக்கு இன்னும் ஒரு பாரம் ஆவேன். ஆகவே இருக்கிறேன். ஆட்டத்தையே விடும்படி அடிபட்டால் தொகை தரும் காப்பீடு ஒன்று எடுத்துக்கொள்கிறேன். விளம்பரத்தில் வருவதை அம்மாவின் மருத்துவமனைக்குக் கட்டுகிறேன்." 2021 ஜூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்குத் தந்து பணம் பெறலாம் என்று விதி மாறியிருந்தது. அவனுக்கு ஒரு டயர்க் கடையும் ஓர் உணவு விடுதியும் சிறு தொகைகள் தந்துகொண்டிருந்தன. அதுவரை அவற்றை என்ன செய்தான் என்று கேட்டேன். வெட்கத்தோடு, "காலணிகள் வாங்கினேன்" என்றான்.

"அடிபட்டால் யாரைக் குறை சொல்வாய்?" என்று மறுபடி கேட்டேன். "எவரையும் இல்லை. எல்லாவற்றையும் அறிந்தபின் நான் எடுத்த முடிவு" என்றான்.

பிப்ரவரியில் நான் ஊர் திரும்பினேன். 2024 ஏப்ரல் 27, சனிக்கிழமை. டிட்ராயிட் நகரில் டிராஃப்டின் மூன்றாம் நாள். அங்கே பட்டப்பகல், இங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு விழித்திருந்தேன். மகளிடமிருந்து செய்தி வந்தது. அவன் பெயரை அழைத்துவிட்டார்கள். எந்தச் சுற்றில்? ஓராண்டுக்கு முன் அவனை எந்தச் சுற்றில் எடுப்பார்கள் என்று முகவர் கூறினாரோ, அதே சுற்றில்!

நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இருந்ததால் ஒரு படியும் ஏறவில்லை. ஒரு படியும் இறங்கவில்லை. என் வாக்கியம் வெல்லவுமில்லை, தோற்கவுமில்லை. அவன் இப்போது கையில் பட்டத்தோடு போனான் என்பதும், அடுத்த வீட்டு மேசையில் மறைவான கடன் ஒன்றும் இல்லை என்பதும்தான் மிச்சம். தந்தை அந்தப் பட்டத்தைச் சட்டமிட்டு, மகன் கோப்பைகளுக்கு மேலே மாட்டியிருக்கிறாராம்.

அதன்பின் விதிகள் இன்னும் மாறிவிட்டன. 2025 ஜூன் மாதம் நீதிமன்றம் ஏற்ற ஓர் உடன்படிக்கையின்படி, பல்கலைக்கழகங்களே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். முதல் ஆண்டில் ஒரு பல்கலைக்கழகம் 2 கோடியே 5 இலட்சம் டாலர் வரை. ஆதலால் பிந்தின சுற்றுகளில் எடுக்கப்படக்கூடியவர் பலருக்கு இப்போது இருப்பதே இலாபம். தராசின் தட்டுகள் இடம் மாறின. ஆயினும் ஜனவரி வந்தால், முள்ளைப் பார்த்தபடி ஒரு பிள்ளை மேசையில் உட்கார்ந்திருப்பது மாறவில்லை.

நம் வீடுகளிலும் ஜூன் மாதம் தோறும் ஒரு பிள்ளை அவ்வாறு உட்கார்ந்திருக்கிறது. கல்லூரியா, வேலையா, வெளிநாடா என்று கேட்கிறது. அதற்கு நாம் அனைவரும் விடை வைத்திருக்கிறோம். வீட்டுக் கணக்கை மட்டும் அதனிடம் மறைத்துவிடுகிறோம், அன்பினால்தான்.

அந்த மே மாதம் நான் பேருந்து ஏறிக் குமரிக் கடற்கரைக்குச் சென்றேன். என் பழைய மாணவனுக்கு இப்போது அறுபத்து நான்கு வயது. பேரக் குழந்தை மடியில். என்னைக் கண்டதும் எழுந்து நாற்காலி போட்டான். நலம் விசாரித்தபின், 45 ஆண்டுகள் தாமதமாக அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அன்று வீட்டில் கடன் எவ்வளவு இருந்தது?"

அவன் என்னைச் சற்று நேரம் பார்த்தான். பிறகு கடலைப் பார்த்தான்.

"நாலாயிரம் ரூபாய், சார்" என்றான்.